வெள்ளை ஓர மேப்பிளில் ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாகிவிட்டது, வெட்டலாமா விடலாமா?

நிழல்தேடி:

வணக்கம் எல்லோருக்கும். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இப்போது வேறு வழியில்லாமல் கேட்கிறேன். வீட்டுக்கு முன்னால் புல்தரை நடுவில் ஒரு மேப்பிள் மரம் வைத்திருக்கிறேன். நார்வே மேப்பிளில் ட்ரம்மண்டி என்கிற வகை, இலை நடுவில் பச்சை, ஓரம் முழுக்க வெண்ணெய் நிறம். நட்டு நான்கு வருடம் முடிந்துவிட்டது, இப்போது என்னைப் போல இரண்டு மடங்கு உயரம். இளவேனிலில் தளிர் விரியும்போது தூரத்திலிருந்து பார்த்தால் மரம் முழுக்கப் பூத்த மாதிரி இருக்கும்.

போன வருடக் கோடையில் மேல்பக்கம் ஒரு சின்னக் கிளையில் மட்டும் வெள்ளையே இல்லாமல் இலை வந்தது. இதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இலை கொட்டிய பிறகு மறந்தும் போனேன். இந்த வருடம் தளிர் விட்டபோதுதான் பார்த்தேன், அந்தக் கிளை என் கட்டைவிரலைவிடத் தடித்து, மற்ற கிளைகளையெல்லாம் தாண்டி உச்சிக்குப் போய்விட்டது. மரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி இப்போது வெறும் பச்சை, இலையும் மற்றவற்றைவிடப் பெரிது. வெள்ளை ஓர இலைகளோ வெயில் ஏற ஏற ஓரம் பழுப்பாகிச் சுருண்டுகொள்கின்றன.

என் கணவர், "பச்சைதானே நன்றாக வளர்கிறது, மரமே தன்னைச் சரிசெய்துகொள்கிறது, நீ ஏன் கத்தரியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், வெள்ளை என்பதே நோய்தான், இப்போது குணமாகிறது என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த வெள்ளைக்காகத்தான் மரமே. வெட்டினால் மரம் பட்டுப்போகுமா? இது எதனால் வருகிறது? இன்னொன்று, அடிமரத்தில் தரையை ஒட்டி நேராக இரண்டு கிளை கிளம்பியிருக்கிறது, அதுவும் சுத்தப் பச்சை. அதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கவாத்துக்காரன்:

வெட்டுங்கள். யோசிக்க வேண்டாம், இந்த வாரமே வெட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. பச்சைக் கிளை மற்றவற்றைவிட பலமானதுதான். பிரச்சினையே அதுதான். வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, அதனால் அது உணவு தயாரிக்காது, பக்கத்துப் பச்சை சம்பாதிப்பதில் உட்கார்ந்து சாப்பிடும். முழுப் பச்சை இலைக்கு அந்தச் சுமை இல்லை. ஒரே வேரிலிருந்து தண்ணீர் வாங்கிக்கொண்டு ஒருவன் முழுச் சம்பளத்திலும் இன்னொருவன் அரைச் சம்பளத்திலும் ஓடினால் யார் முந்துவான்? இன்றைக்குக் கால்வாசி, இரண்டு மூன்று வருடத்தில் பாதி, அப்புறம் வெள்ளைக் கிளைகள் நிழலில் மாட்டி ஒவ்வொன்றாகக் காய ஆரம்பிக்கும். கடைசியில் உங்களிடம் ஒரு சாதாரண நார்வே மேப்பிள் இருக்கும். முளையிலேயே கிள்ளியிருக்க வேண்டியது, போன வருடம் விரலால் ஒடித்திருக்கலாம், சரி பரவாயில்லை, இப்போதும் ரம்பம் வரைக்கும் போகவில்லை.

எப்படி வெட்டுவது என்பதுதான் முக்கியம். பச்சை இலை தொடங்கும் இடத்தில் வெட்டினால் வேலைக்கு ஆகாது. அந்தக் கிளை எங்கே தொடங்குகிறதோ அதுவரை பின்னால் போங்கள், ஒவ்வொரு கணுவாகப் பாருங்கள், வெள்ளை ஓர இலை கொண்ட பக்கக்கிளை எங்கே பிரிகிறதோ அதற்கும் கீழே பச்சை வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கிளை முழுவதும் பச்சை என்றால் அடியோடு எடுக்க வேண்டும். கிளை சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு வீக்கம் இருக்கும், அந்த வீக்கத்தை வெட்டாமல் அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். குச்சி நீட்டிக்கொண்டு நிற்க விடாதீர்கள், அந்தக் குச்சியில் தூங்கும் மொட்டுகள் எல்லாம் பச்சையாகவே திரும்ப எழும்.

மேப்பிளைக் குளிர்காலக் கடைசியிலோ தளிர் விடும் சமயத்திலோ வெட்டினால் சாறு சொட்டுச் சொட்டாக ஒழுகும். மரம் செத்துவிடாது, ஆனால் பார்க்க பயமாக இருக்கும். இப்போது இலை முழுதாக விரிந்துவிட்டது, ஒழுகல் பெரிதாக இருக்காது. அதோடு, இலை இருக்கும்போதுதான் எது பச்சை எது வெள்ளை என்று தெரியும். மொட்டைக் கிளையில் கண்டுபிடிக்க முடியாது.

அடிமரத்துக் கிளைகள் வேறு சமாச்சாரம். இந்த வகைகள் எல்லாம் ஒட்டுக்கன்றுகள், அதாவது வேரோடு இருக்கும் ஒரு கன்றின் மேல் (அதுதான் வேர்ச்செடி) இந்த வகையின் துண்டை ஒட்டி வளர்த்தவை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் எங்காவது பட்டை மாறி ஒரு வீக்கம் அல்லது கோணல் தெரிகிறதா பாருங்கள், அதுதான் ஒட்டுப்போட்ட இடம். அதற்குக் கீழே வருவது எல்லாம் வேர்ச்செடியின் கிளை. அதற்கு வெள்ளை ஒருநாளும் வராது, அது வேறு மரம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மேகலை:

கவாத்துக்காரன் அண்ணா சொன்னதற்கு மேல் ஏன் என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பைத்தியமே உண்டு.

நிழல்தேடி அக்கா, உங்கள் மரம் நோயாளி இல்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வைரஸால் இலையில் திட்டு விழும் செடிகளும் உண்டுதான், ஆனால் இப்படி ஒழுங்காக ஓரம் மட்டும் வெளுப்பது அந்த வகை இல்லை. கிளையின் வளர்நுனியில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும், பொதுவாக மூன்று அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் அடுக்கு இலையின் தோலாகிறது. இரண்டாவது அடுக்கு தோலுக்குக் கீழே இருக்கும் சதையையும் இலையின் ஓரத்தையும் உண்டாக்குகிறது. மூன்றாவது, இலையின் நடுப்பகுதி. இந்த இரண்டாவது அடுக்கில் மட்டும் ஒரு காலத்தில் ஒரு பிறழ்வு நடந்து பச்சையம் உண்டாக்கும் திறமை போய்விட்டது. அதனால் ஓரம் வெள்ளை, உள்ளே மூன்றாவது அடுக்கின் பச்சை தெரிகிறது. ஆக ஒரே மரத்துக்குள் இரண்டு மரம் குடித்தனம் நடத்துகிறது, ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை.

இந்தக் குடித்தனம் அவ்வளவு உறுதியானது இல்லை. உள்ளடுக்கில் இருக்கும் ஒரு பச்சைச் செல் பிரியும்போது இடம் தவறி இரண்டாவது அடுக்குக்குள் வந்துவிட்டால், அங்கிருந்து கிளம்பும் கிளை மொத்தமும் பச்சைதான். உங்களுக்கு நடந்தது இதுதான். மரம் தன்னைச் சரிசெய்துகொள்ளவில்லை, அடுக்கு கலைந்திருக்கிறது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், பச்சையே இல்லாமல் சுத்த வெள்ளையாக ஒரு தளிர் வரும். பார்க்கக் கொள்ளை அழகு, ஆனால் சொந்தமாக ஒரு கவளம் கூடச் சம்பாதிக்காது, முதல் வெயிலிலேயே கருகும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது தானாகவே போய்விடும்.

விதை போட்டு இந்த மரத்தைப் பெருக்க முடியாது என்பதற்கும் இதே காரணம். விதைக்குள் போகும் செல்கள் அந்த இரண்டாவது அடுக்கிலிருந்துதான் வருகின்றன. முளைத்தால் ஒன்று வெறும் பச்சைக் கன்று, இல்லாவிட்டால் சுத்த வெள்ளைக் கன்று. வெள்ளைக் கன்று விதையில் இருந்த சேமிப்பு தீரும்வரை நிற்கும், அப்புறம் சாய்ந்துவிடும். நான் ஒரு தடவை அப்படி ஒன்றைத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு வெள்ளை இலையோடு பொம்மை மாதிரி இருந்தது, மூன்று வாரம்தான். இந்த வகையை 1903-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் ஊரில் ட்ரம்மண்ட் நர்சரி வெளியிட்டது, அதிலிருந்து இன்றைக்கு வரை ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டித்தான் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் நிற்பதும் அதே பழைய மரத்தின் துண்டுதான்.

சோம்பேறித்_தோட்டம்:

எல்லோரும் வெட்டு வெட்டு என்கிறீர்கள், நான் மாற்றுக் கட்சி. என்னிடம் இதே மரம் பதினைந்து வருடமாக இருக்கிறது. முதல் ஐந்து வருடம் ஏணி போட்டு ஏறி வெட்டினேன். ஒவ்வொரு கோடையிலும் எங்கிருந்தோ இன்னொரு பச்சை. மரம் எட்டு மீட்டர் தாண்டிய பிறகு முதுகு ஒத்துழைக்கவில்லை, விட்டுவிட்டேன். இப்போது மேலே பாதி பச்சை, கீழே பாதி வெள்ளை, இரண்டு வேளை பால் ஊற்றிய மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை, நிழல் நன்றாக விழுகிறது.

நான் சொல்ல வருவது, இந்த மரம் 10 முதல் 12 மீட்டர் வரைக்கும் போகும். ஒரு தடவை வெட்டிவிட்டு நிம்மதியாக உட்காரும் மரம் இல்லை. வருடா வருடம் அண்ணாந்து பார்த்து, எட்டாத உயரம் வந்த பிறகு ஆள் வைத்து ஏற்றி, இப்படியே வாழ்நாள் முழுக்க ஓட முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவு எடுங்கள்.

கவாத்துக்காரன்:

சோம்பேறி அண்ணே, உங்கள் மரம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் அவர் வெள்ளைக்காகத்தான் மரமே என்று எழுதியிருக்கிறார். நான்கு வயது மரத்தை இப்போது இரண்டு மூன்று வருடம் விடாமல் சுத்தம் செய்தால் கிளைக்கட்டு வெள்ளையாகவே அமையும், அப்புறம் வருவது உதிரிதான். நீங்கள் ஐந்து வருடம் வெட்டினீர்கள் சரி, அடியோடு வெட்டினீர்களா, நுனியைக் கத்தரித்தீர்களா? அதைச் சொல்லுங்கள்.

சோம்பேறித்_தோட்டம்:

நுனிதான்.

கவாத்துக்காரன்:

:) அதான்.

நிழல்தேடி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. மேகலை, அந்த இரண்டு மரக் குடித்தனம் கணவருக்குப் படித்துக் காட்டினேன், "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவரே வெளியே போய் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

ஒட்டுப்போட்ட இடம் கண்டுபிடித்துவிட்டேன். தரையிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் மேலே ஒரு கோணல், அதற்கு மேல் பட்டை கொஞ்சம் வெளிர். இரண்டு அடிக்கிளையும் அதற்குக் கீழேதான். இலையும் மேப்பிள் இலை மாதிரியே இருந்ததால் குழம்பிவிட்டேன், வேறு மரம் என்றால் இலையும் வேறாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இன்னும் சில விஷயம், கேட்டால் திட்டுவீர்களோ என்று முதலில் எழுதவில்லை. தினமும் சாயங்காலம் குழாய் வைத்துப் புல்லோடு சேர்த்து ஐந்து நிமிடம் தெளிக்கிறேன். புல்லுக்கு வருடம் இரண்டு முறை உரம், களைக்கொல்லி கலந்தே வருமே அந்த வகை, மரத்தைச் சுற்றியும் போட்டிருக்கிறேன். அடிமரத்தில் ஒரு பக்கம் பட்டை கொஞ்சம் உரிந்திருக்கிறது, புல் வெட்டும் இயந்திரம் பட்டிருக்க வேண்டும். வீட்டுச் சுவர் நான்கு மீட்டர் தள்ளி இருக்கிறது.

பழைய_மண்வெட்டி:

அம்மா, திட்டவில்லை, ஆனால் இப்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. பச்சைக் கிளையை எல்லோரும் பேசிவிட்டார்கள், நான் அந்தக் கருகல் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பச்சையை வெட்டிய பிறகு மிச்சம் நிற்கப்போவது அந்த வெள்ளை இலைகள்தான், அவை நன்றாக இல்லாவிட்டால் வெட்டி என்ன பயன்.

முதலில் தண்ணீர். ஐந்து நிமிடத் தெளிப்பு மண்ணின் மேல் விரற்கடை அளவுக்குத்தான் இறங்கும், அதைப் புல் குடித்துவிடும். மரத்தின் வேரும் தண்ணீர் தேடி மேலேயே வந்து படுத்துக்கொள்ளும். நார்வே மேப்பிளுக்கு ஏற்கனவே வேர் மேலோட்டம், நீங்கள் அந்தப் பழக்கத்துக்கு ஊக்கம் கொடுத்துவிட்டீர்கள். தினமும் வேண்டாம். வாரம் ஒரு முறை, கடும் வெயிலில் இரண்டு முறை, குழாயை மெல்லத் திறந்து மரத்தடியில் வைத்துவிட்டு ஒரு முழம் ஆழம் நனையும்வரை விடுங்கள். நனைந்ததா என்று சந்தேகம் இருந்தால் ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள், ஈரம் இருக்கும் ஆழம்வரை சுலபமாக இறங்கும்.

இரண்டாவது, அந்த உரம். புல்லுக்கான உரத்தில் தழைச்சத்துதான் அதிகம். அது மரத்தை மெத்தென்று வேகமாக வளரவிடும், அந்த மெல்லிய வெள்ளைச் சதைதான் வெயிலில் முதலில் கருகும். இதைவிட மோசம் களைக்கொல்லி. அதில் பலவற்றில் அகல இலைச் செடிகளைக் கொல்லும் மருந்து இருக்கும். மேப்பிளும் அகல இலைதானே, வேர் வழியாக எடுத்துக்கொண்டால் இலை கிண்ணம் போலக் குவிந்து கோணலாகும். நீங்கள் சுருண்டுகொள்கிறது என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இனி கிளை விரிந்திருக்கும் எல்லைக்குள் அந்தச் சாமானைக் கொண்டுபோகாதீர்கள். வேர் அதையும் தாண்டிப் போகும், எவ்வளவு தள்ளிப் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

மூன்றாவது, புல்லை எடுத்துவிடுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு வட்டமாக. கொத்தாதீர்கள், வேர் மேலேதான் இருக்கிறது, மண்ணைச் சுரண்டினாற்போல எடுத்தால் போதும். அதில் மட்கிய இலையோ மரச்சில்லோ போட்டு 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு. அடிமரத்தைத் தொடக் கூடாது, ஒரு கை அகலம் விட்டுவிட்டுப் போடுங்கள். மரத்தைச் சுற்றி எரிமலை மாதிரிக் குவித்து வைக்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், பட்டை அழுகுவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இப்படி வட்டம் போட்டுவிட்டால் புல் வெட்டும் இயந்திரமும் மரத்துக்குக் கிட்டே வராது. உரிந்த பட்டையை ஒன்றும் செய்யாதீர்கள், தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். கிளை வெட்டிய இடத்திலும் அப்படித்தான். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது. பூச்சு அந்த வேலைக்கு உதவுவதில்லை.

கடைசியாக ஒன்று, அடிமரத்தைப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல அகன்று வேராகப் பிரிகிறதா, இல்லை கம்பம் நட்ட மாதிரி நேராக மண்ணுக்குள் போகிறதா? நேராகப் போனால் ஆழமாக நட்டிருக்கிறார்கள். நார்வே மேப்பிளுக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு, தொட்டியில் சுற்றிய வேர் பிறகு அடிமரத்தையே சுற்றி இறுக்கிக்கொள்ளும். மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள், விரல் தடிமனில் குறுக்கே ஒரு வேர் தென்பட்டால் இப்போதே வெட்டி எடுத்துவிடலாம். பத்து வருடம் கழித்து முடியாது.

வாடல் நோய் இருக்குமோ என்று பயம் வந்தால் ஒரு சோதனை. அது வந்தால் ஒரு பக்கத்துக் கிளை திடீரென்று மொத்தமாக வாடும், அந்தக் குச்சியைக் குறுக்காகவும் நீளவாக்கிலும் சீவிப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பச்சையாகக் கோடு ஓடும். உங்களுக்கு ஓரம் மட்டும்தான், மரம் முழுக்க ஒரே சீராக. அது தாகம், மருந்து இல்லை தண்ணீர்தான் தேவை. கருகிய இலை இந்த வருடம் திரும்பாது, அடுத்த தளிரில்தான் தெரியும்.

மேகலை:

மண்வெட்டி ஐயா சொன்னபடி செய்யுங்கள் அக்கா. அடிக்கிளையின் இலை பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா, வேர்ச்செடியும் நார்வே மேப்பிள்தான் என்பதால் இலை ஒரே வடிவம். இலைக்காம்பைக் கிள்ளிப் பாருங்கள், பால் வரும். சர்க்கரை மேப்பிளும் ஏறக்குறைய இதே முகம்தான், ஆனால் அதன் காம்பில் தண்ணீர் போன்ற சாறுதான் வரும். அந்த அடிக்கிளைகள் இளசாக இருந்தால் கத்தரியால் வெட்டாமல் பிடித்துக் கீழ்நோக்கி வெடுக்கென்று பிய்த்துவிடுங்கள், மொட்டும் சேர்ந்து வந்துவிடும். வெட்டினால் ஒன்றுக்கு நான்காக வரும்.

புதுச்செடி_பித்து:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டு எனக்கும் இப்படி ஒரு மரம் வேண்டும் போலிருக்கிறது, ஆனால் 12 மீட்டர் என்றதும் பயந்துவிட்டேன், இடம் சின்னது. இரு நிற இலை, குளிர்காலத்தில் கொட்ட வேண்டும், ஆனால் அடக்கமாக இருக்க வேண்டும். எது வைக்கலாம்?

கவாத்துக்காரன்:

தம்பி, இரண்டு வழி இருக்கிறது. பொறுமை இருந்தால் கார்னஸ் கான்ட்ரவெர்சா என்கிற டாக்வுட்டின் வெள்ளை ஓர வகை. கிளை தட்டுத் தட்டாகப் படுக்கை வாட்டில் விரியும், மாடி மாடியாக அடுக்கிய கேக் மாதிரி, ஆங்கிலத்தில் அதற்கு வெட்டிங் கேக் மரம் என்றே பெயர். ஆனால் வளர்வதற்குள் உங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடுவான், ஒட்டுக்கட்டுவதும் சிரமம் என்பதால் விலையும் சுள்ளென்று இருக்கும். கவாத்து செய்தால் அந்த அடுக்கு கெட்டுவிடும், கத்தரியை ஒளித்துவைத்துவிடுங்கள்.

பொறுமை இல்லாவிட்டால் பாக்ஸ் எல்டர் என்கிற இன்னொரு மேப்பிளில் ஃபிளமிங்கோ என்கிற வகை. புதுத் தளிர் இளஞ்சிவப்பு, பிறகு வெள்ளை ஓரம். வருடா வருடம் குளிர்காலத்தில் கிளைகளை ஒட்ட வெட்டிவிட்டால் புதர் அளவிலேயே நிற்கும், வெட்ட வெட்டத்தான் அந்தச் சிவப்பு வரும். இதிலும் பச்சைக் கிளை கிளம்பும், நார்வே மேப்பிளைவிட வேகமாகக் கிளம்பும், ஆனால் கையெட்டும் உயரம் என்பதால் கவலை இல்லை. ஒரே எச்சரிக்கை, பக்கத்தில் குதிரை மேய்கிற இடம் இருந்தால் வைக்க வேண்டாம். பாக்ஸ் எல்டர் விதையில் ஹைப்போகிளைசின் என்கிற நச்சு இருக்கிறது, குதிரைக்குத் தசையை முடக்கிக் கொன்றுவிடும்.

துலிப் மரத்தில் மஞ்சள் ஓர வகை ஒன்று இருக்கிறது, அதன் பக்கம் போகவே போகாதீர்கள். அழகி, ஆனால் ராட்சசி.

மேகலை:

உறைபனியே இல்லாத ஊர் என்றால் இதில் எதுவும் சரிப்படாது, மேப்பிளுக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். அந்த மாதிரி இடத்துக்கு நம் கல்யாண முருங்கை இருக்கிறதே. அதில் நரம்பெல்லாம் மஞ்சளாக ஓடும் அலங்கார வகை ஒன்று உண்டு, அதன் அறிவியல் பெயரில் இருக்கும் வேரிகேட்டா என்ற சொல்லே அந்த இரு நிற இலையால் வந்தது. வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டை மரத்தில் சிவப்பாகப் பூக்கும். ஒட்டு எதுவும் தேவையில்லை, போத்து வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும், மஞ்சளும் அப்படியே வரும். தளிரில் முடிச்சு முடிச்சாக வீங்கினால் அது ஒரு நுண்ணிய குளவியின் வேலை, அந்தக் கிளைகளை வெட்டி எரித்துவிட வேண்டும். கட்டை மென்மை, காற்றில் முறியும், அதனால் வீட்டை ஒட்டி வைக்காதீர்கள்.

சோம்பேறித்_தோட்டம்:

நிழல்தேடி, சுவர் நான்கு மீட்டர் என்று எழுதியிருந்தீர்கள், அதை யாரும் கவனிக்கவில்லை. கிளைக்கட்டு முழுதாக விரிந்தால் ஒரு பக்கம் நான்கு ஐந்து மீட்டர் போகும். இப்போதே சுவர்ப்பக்கக் கிளைகளைக் கொஞ்சம் அடக்கிவைத்தால் நல்லது, இல்லாவிட்டால் என்னைப் போலக் கூரைத் தண்ணீர் ஓடும் வழியில் வருடா வருடம் இலை அள்ள வேண்டும். பெரிய கிளையாக எடுக்கும் வேலையை ஒரே வருடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம், பச்சையோடு சேர்த்து மொத்தம் கால்பங்குக்கு மேல் போனால் மரம் பதறிப்போய்க் கண்ட இடத்தில் நீர்ப்போத்து, அதாவது நேராக மேலே கிளம்பும் வேகத் தளிர், விடும், அதில் பாதி பச்சையாக இருக்கும்.

(ஆமாம், சோம்பேறிதான் இதைச் சொல்கிறேன்.)

கவாத்துக்காரன்:

இது சரியான பேச்சு. இந்த வருடம் பச்சை மட்டும், சுவர்ப்பக்கம் அடுத்த வருடம்.

நிழல்தேடி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சனிக்கிழமை காலை வெட்டினோம், கணவர்தான் ஏணி பிடித்தார், கடைசியில் அவரே ரம்பத்தையும் வாங்கிக்கொண்டார். கிளை அடியில் பச்சை இரண்டு கணு கீழே வரைக்கும் போயிருந்தது, மேலே வெட்டியிருந்தால் ஏமாந்திருப்போம். சாறு நான்கைந்து சொட்டு, அவ்வளவுதான். மரம் ஒரு பக்கம் பல் விழுந்த மாதிரி இருக்கிறது, பழகிவிடும்.

அடிக்கிளை ஒன்று பிய்ந்து வந்துவிட்டது, காம்பில் பாலும் வந்தது. இன்னொன்று முற்றிவிட்டதால் வெட்டத்தான் முடிந்தது. மண்ணை விலக்கிப் பார்த்ததில் அடிமரம் கம்பம் மாதிரித்தான் நேராக உள்ளே போகிறது, நான்கு விரல் ஆழத்தில்தான் அகல ஆரம்பிக்கிறது. மண்வெட்டி ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே பேனா தடிமனில் ஒரு வேர் அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு இருந்தது. வெட்டி எடுத்துவிட்டேன். மேல்மண்ணைத் திரும்ப மூடாமல் அப்படியே விட்டிருக்கிறேன், சரிதானே?

பழைய_மண்வெட்டி:

சரிதான் அம்மா. மூட வேண்டாம். மழைத் தண்ணீர் அங்கேயே தேங்காதபடி சுற்றி மண்ணைச் சரிவாக்கி விடுங்கள், அது போதும்.

நிழல்தேடி:

செய்துவிட்டேன் ஐயா. இன்று காலை பார்த்தேன், வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டு அவிழ்ந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு இலை வந்திருக்கிறது. ஒன்றில் ஓரம் வெள்ளை. இன்னொன்று மடிந்தே இருப்பதால் தெரியவில்லை. பச்சையாக விரிந்தால் அங்கேயே கிள்ளிவிடுகிறேன் என்று கணவர் காத்துக்கொண்டிருக்கிறார்.